சிறு வணிகரும் வரி அறிவிப்பும் (மலேசியா)
மலேசிய உள்நாட்டு வருமான வரி வாரியம் சிறு வணிகரைக் கணக்குக் காட்ட வைக்கக் கையாளும் நினைவூட்டல், சலுகை முறைகள். 2004-இல் தனிநபருக்கும் சுயமதிப்பீடு வந்தபின் கணக்குப் போடும் பொறுப்பு வணிகருடையது. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்காரரும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைத் துணிக்கடைக்காரரும் வணிக வருமானத்துக்கான ‘பி’ படிவத்தை ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டும். ரசீதுகளை ஏழாண்டு வைத்திருக்க வேண்டும். படிவமோ மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். தமிழ் மட்டும் தெரிந்த முதியவருக்குக் கணக்காளரோ பிள்ளைகளோதான் துணை.

விடுபட்ட வருமானத்தைத் தாமே முன்வந்து சொல்வோருக்கு 2018 நவம்பர் 3 முதல் அபராதம் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2019 ஜூலை முதல் 15. 2023 ஜூன் 6 முதல் 2024 மே 31 வரையிலான இச்சலுகையின் இரண்டாம் சுற்றில் அபராதமே இல்லை. முதல் சுற்றில் முந்திக்கொண்டு கட்டியவருக்கு இது உறுத்தியிருக்கலாம். விற்பனையை வாரியத்துக்கு நேரடியாகக் காட்டும் மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கியது.