தோளில் மருந்துப் பை, எதிரே எதிரி: ராணுவ நர்சிங் அசிஸ்டென்ட் வேலைக்குத் தயாராவது எப்படி?

2020 ஜூன் 15 இரவு. கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தனர். ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர். அதே இரவில் நாயக் தீபக் சிங் என்ற வீரர், கல்வீச்சில் தானே படுகாயமடைந்த நிலையிலும், 30-க்கும் மேற்பட்ட சக வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார். கடைசியில் அவரும் உயிரிழந்தார். மறைவுக்குப் பிறகு அவருக்கு வீர் சக்ரா விருது அறிவிக்கப்பட்டது.

தீபக் சிங் டாக்டர் இல்லை. ராணுவ மருத்துவப் படையின் நர்சிங் அசிஸ்டென்ட். இந்த வேலைக்கு நம்ம ஊர் பசங்களும் போகலாம். ஆனா பலர் சறுக்குறது மைதானத்துல இல்ல, பிளஸ் 1 அட்மிஷன்லயே!

ஏன்னா, பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் படித்திருக்க வேண்டும். மொத்தத்தில் 50 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம் கட்டாயம். உயிரியல் இல்லாத குரூப் எடுத்துவிட்டால் கதவு மூடிவிடும். வயது பதினேழரை முதல் 23 வரை. இது 4 ஆண்டு அக்னிவீர் பணி அல்ல, வழக்கமான சிப்பாய் பணி என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. விண்ணப்பம் 'ஜாயின் இந்தியன் ஆர்மி' இணையதளத்தில். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், அந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை முழுசா படிச்சிடுங்க.

முதலில் ஆன்லைன் எழுத்துத் தேர்வு. பிறகுதான் 1.6 கி.மீ. ஓட்டம், புல்-அப்ஸ், 9 அடி பள்ளம் தாண்டுதல் எல்லாம். இந்தப் பிரிவுக்கு உடல்தகுதியில் பாஸ் ஆனால் போதும், மெரிட்டைத் தீர்மானிப்பது எழுத்துத் தேர்வு. காலையில் ஓடிவிட்டு மாலையில் உயிரியல் புத்தகத்தைத் தொடாமல் இருந்தால் பயனில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், குருட்டாம்போக்கில் டிக் அடிக்க வேண்டாம்.

பயிற்சியில் என்ன நடக்கும்?

தேர்வானவர்கள் செல்வது லக்னோவில் உள்ள ராணுவ மருத்துவப் படையின் பயிற்சி மையத்துக்கு. முதலில் எல்லோரையும் போல சிப்பாய்ப் பயிற்சி, அதன் பிறகே மருத்துவப் பாடம்.

போர்க்கள முதலுதவி, நாம் பள்ளியில் படித்தது மாதிரி இருக்காது. அங்கே 'முதலில் மூச்சு இருக்கிறதா பார்' என்பார்கள். போர்க்களத்தில் முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். கை, காலில் பெரிய ரத்தக் குழாய் அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். அதனால் காயத்துக்கு மேலே டூர்னிக்கெட் என்ற பட்டையைப் போட்டு, ரத்தம் நிற்கும்வரை இறுக்கி, கட்டிய நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும். அடுத்துதான் மூச்சுக்குழாய், நெஞ்சுக் காயம் எல்லாம். கடைசியாக, அடிபட்டவரின் உடல் குளிர்ந்துவிடாமல் போர்த்த வேண்டும். ரத்தம் இழந்த உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவதும் குறைந்துவிடும். 1996-ல் அமெரிக்கப் படை மருத்துவர்கள் வெளியிட்ட போர்க்கள முதலுதவி வழிகாட்டுதலுக்குப் பிறகு, ரத்தத்தை நிறுத்துவதே முதல் வேலை என்பது பல நாட்டு ராணுவங்களில் பழக்கமானது.

இன்னொரு விஷயம்: குண்டு பாயும்போது ஊசி, டிரிப்ஸ் எதுவும் கிடையாது. காயம்பட்டவரை மறைவுக்கு இழுத்து வருவதுதான் முதல் சிகிச்சை. 70 கிலோ மனிதரை இழுக்க கால், முதுகு இரண்டுமே பலமாக இருக்கணும். ஓட்டத்தோடு எடை தூக்கி நடப்பதையும் இப்போதே பழகலாம்.

ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமா? அதை லக்னோ போய்க் கண்டுபிடிக்காதீங்க. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் நடத்தும் முதலுதவி வகுப்பில் சேருங்கள். சி.பி.ஆர். கையில் பழகும். ரத்த தான முகாமில் தன்னார்வலராக நின்றும் பார்க்கலாம்.

பெண்களுக்கு இந்தச் சிப்பாய்ப் பிரிவு இல்லை. நீட் மதிப்பெண் வழியே ராணுவ நர்சிங் சேவையின் பி.எஸ்சி. நர்சிங் படித்து அதிகாரியாகலாம். தீபக் சிங்கின் மனைவி ரேகா சிங் தேர்ந்தெடுத்தது வேறு வழி: சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து, 2023 ஏப்ரலில் லெப்டினென்ட் ஆனார். அவருக்குக் கிடைத்த முதல் பணியிடம், கிழக்கு லடாக்.