மானிட்டரின் மூலையில் ஒரு தொழிற்சங்கம்

சென்னை ரிச்சி தெருவில் மானிட்டர் பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். பிக்சர் ட்யூப் காலத்து ஆள். 1990களின் கடைசியில் புது மானிட்டரின் பெட்டியைப் பிரித்தால், பலவற்றில் முன்பக்க மூலையில் ‘டிசிஓ 99’ என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வாங்குகிறவர் விவரம் கேட்டால், “ரேடியேஷன் கம்மி சார், கண்ணுக்கு நல்லது” என்பதுதான் கடைக்குக் கடை பதில். அதை முழுசாக நம்பாமல், எர்த் ஒயர் தொங்கும் ஃபில்டர் கண்ணாடி ஒன்றையும் சேர்த்து வாங்கிப் போவார். ஸ்டிக்கரில் இருப்பது ஒரு தொழிற்சங்கத்தின் பெயர் என்று தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஸ்வீடனில் குமாஸ்தா, நர்ஸ், ஆசிரியர், போலீஸ் என மாதச் சம்பளக்காரர்களின் சங்கங்களைச் சேர்த்த கூட்டமைப்பு டிசிஓ. பத்து லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். நாள் முழுக்கத் திரை முன்னால் உட்கார்ந்து தட்டுகிறவர்களில் பெரும்பங்கு இவர்களுடைய ஆட்கள். மில் தொழிலாளியின் சங்கம் தறியைப் பற்றிக் கேள்வி கேட்பதுபோல இவர்கள் மானிட்டரைப் பற்றிக் கேட்டார்கள்.

கேட்க வைத்தது பயம். கனடாவின் டொராண்டோ ஸ்டார் பத்திரிகையில், விளம்பரப் பிரிவில் திரை முன் வேலை பார்த்த பெண்களில் நால்வருக்குக் குறைகளோடு குழந்தை பிறந்தது 1980இல் பெரிய செய்தியாயிற்று. ஸ்வீடனில் வேறு புகார்: முகத்தில் அரிப்பு, தடிப்பு. ஸ்வீடன் அரசின் அளவீட்டு அமைப்பு மானிட்டரிலிருந்து வரும் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் அளக்க ஒரு முறை வகுத்தது. 1987இல் எம்பிஆர், 1990இல் அதையே கெட்டியாக்கி எம்பிஆர்-2. அந்த வரம்புகள் ‘இதற்கு மேல் போனால் உடம்புக்குக் கெடுதல்’ என்று கண்டுபிடித்துப் போட்டவை அல்ல. நல்ல கம்பெனியால் எவ்வளவு குறைக்க முடியும் என்று பார்த்து வைத்தவை. 1991இல் அமெரிக்க டெலிபோன் ஆபரேட்டர்களை வைத்து நடந்த ஆய்வு, திரையால் கருச்சிதைவு கூடவில்லை என்றது. அதற்குள் வரம்பு நிலைத்துவிட்டது. நிலைத்ததில் எனக்கு வருத்தமில்லை.

காரணம், அதில் ஒரு வரம்பு என் தோலுக்கே தெரிந்தது. ட்யூபுக்குள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும். பழைய மானிட்டரில் சுவிட்சைப் போட்டுப் புறங்கையைக் கண்ணாடியருகே கொண்டுபோனால் ரோமம் சிலிர்த்து நிற்கும். தூசியெல்லாம் அங்கேதான் அப்பும். இந்த நிலைமின்சாரம் 500 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்றது எம்பிஆர்-2. கம்பெனிகள் கண்ணாடிமேல் மின்கடத்தும் மெல்லிய பூச்சு பூசி அதை எர்த்துடன் இணைத்தன. சிலிர்ப்பு நின்றது. ஃபில்டர் கண்ணாடியின் ஒயரும் அதே வேலைக்குத்தான். நம்மவர்கள் அதை கேபினட் ஸ்க்ரூவில் முறுக்கிவிடுவார்கள். சுவரில் எர்த்தே இருக்காது, அது வேறு கதை.

எம்பிஆர்-2 அரை மீட்டர் தூரத்தில் அளந்தது. சங்கம் தன் பங்குக்குக் கொண்டுவந்த முத்திரையான டிசிஓ 92 திரைக்கு முன்னால் 30 செ.மீ.க்கு நெருங்கி வந்து அளந்தது. வேலையில்லாதபோது மானிட்டர் தானாகத் தூங்கவும் வேண்டும் என்றது. இந்த முத்திரையின் பின்னால் நின்றவர், பெர் எரிக் புய்வி என்ற சங்க ஊழியர். சட்டம் எதுவும் கிடையாது. ‘அலுவலகத்துக்கு வாங்கினால் இந்த முத்திரை உள்ளதை வாங்கு’ என்று உறுப்பினர்கள் மூலம் முதலாளியை நெருக்கினார்கள். ஸ்வீடன் சின்னச் சந்தைதான். ஆனாலும் அந்த ஒரு நாட்டுக்காகத் தொழிற்சாலையில் தனி வரிசை ஓட்டுவதைவிட எல்லா மானிட்டரையும் அப்படியே செய்வது லாபம். அந்த வழியாகத்தான் ஸ்டிக்கர் சென்னைக்கும் வந்து சேர்ந்தது.

1992இல்தான் அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டாரும் தொடங்கியது. தூங்கும்போது 30 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையின் வலது மேல் மூலையில் அதன் சின்னம் வந்து போகுமே, அதுதான். தூங்க வைக்கும் முறையும் எளிது: கம்ப்யூட்டர் ஸிங்க் சிக்னலை நிறுத்தும், மானிட்டர் புரிந்துகொண்டு அடங்கும், பச்சை விளக்கு ஆரஞ்சாகும். “மானிட்டர் செத்துப்போச்சு” என்று போன் வரும். போய் மவுஸை அசைத்துவிட்டு வருவேன். அதற்குப் பயந்து பலர் அந்த வசதியையே நிறுத்திவிட்டு, குழாய்கள் வளைந்து வளைந்து ஓடும் ஸ்கிரீன் சேவரைப் போட்டுக்கொண்டார்கள். அது ஒரு வாட்கூட மிச்சம் பிடிக்காது.

டிசிஓ 95இல் ஸ்வீடனின் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் சேர்ந்துகொண்டது. புரோமின் கலந்த தீத்தடுப்பு ரசாயனங்கள், காட்மியம், பாதரசம் என்று பட்டியல் நீண்டது. டிசிஓ 99 கண்ணுக்கு வந்தது: ட்யூப் மானிட்டர் நொடிக்கு 85 தடவையாவது படத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

புதுப்பிக்கத்தான் செய்யும், சொன்னால். விண்டோஸ் பல இடங்களில் 60இலேயே நிற்கும். டிடிபி சென்டரில் நுழைந்ததும் திரையை நேரே பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்ப்பேன்; துடிப்பு அப்படித்தான் தெரியும். செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட், அதற்குள் மானிட்டர், அங்கே 85. ஆனால் 15 அங்குல மானிட்டரில் 1024-க்கு 768 வைத்துக்கொண்டு 85 கேட்டால், கிடைக்கோடுகள் நொடிக்கு 68 ஆயிரத்துக்கு மேல் ஓட வேண்டும்; மலிவான பெட்டியால் முடியாது. 800-க்கு 600-க்கு இறங்கினால் 54 ஆயிரம் போதும். “பேஜ் முழுசா தெரியலையே அண்ணே” என்று, நான் படியிறங்குவதற்குள் பழையபடி மாற்றிவிடுவார்கள். 85 ஸ்டிக்கரில் இருக்கும். கண் 60இல் வேலை பார்க்கும்.

பிறகு தட்டைத் திரை வந்து இந்தத் தகராறையே தீர்த்துவிட்டது. தீராதது ஈயம். ட்யூபின் புனல் பகுதிக் கண்ணாடியில் ஈயம் உண்டு. எக்ஸ்-கதிர் வெளியே வராமல் தடுப்பது அதுதான். 2006இல் ஐரோப்பா மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குத் தடை போட்டபோதும் ட்யூப் கண்ணாடிக்கு விலக்குக் கொடுத்தது. கடையைக் காலி செய்தபோது பழைய இரும்புக்காரர் ட்யூபின் கழுத்தில் இருக்கும் யோக் சுருளின் செம்பையும் போர்டையும் எடை போட்டுப் பணம் கொடுத்தார். ட்யூபை எடுத்துப் போக என்னிடம் பணம் கேட்டார்.