பழைய மடிக்கணினிக்கு எந்தச் சேமிப்பகம்? யுஎஸ்பியின் வரலாறு தரும் விடை

ஆதிலாபாத் பகுதியில் கோலாமி மொழி பேசும் முதியோரிடம் நான் பதிவுசெய்த ஏறத்தாழ நூறு மணி நேர உரையாடல்கள், அண்ணனிடமிருந்து எனக்கு வந்த 2011ஆம் ஆண்டு மடிக்கணினியில் மட்டுமே இருந்தன. எனக்குக் கதைகள் சொன்ன முதியவர் ஒருவர் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய குரல் பத்தாண்டு கடந்த ஒரே வன்தட்டை நம்பி இருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. ஆய்வு உதவித்தொகைக்குள் ஒரு வெளிப்புறச் சேமிப்பகம் வாங்க வேண்டும். வேகமான எஸ்எஸ்டியே வாங்கு என்றனர் நண்பர்கள். அதற்குமுன் சற்று வரலாற்றைப் புரட்டினேன்.

1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியே வன்தட்டுடன் விற்பனைக்கு வந்த முதல் கணினி. அதில் ஐம்பது தட்டுகள் சுழன்றன. கொள்ளளவோ 50 இலட்சம் எழுத்துகள், அதாவது 4 எம்பிக்கும் குறைவு. எனது ஒரு மணி நேர ஒலிப்பதிவு ஏறத்தாழ 1 ஜிபி. அதைச் சேமிக்க அத்தகைய கருவிகள் இருநூறுக்கும் மேல் தேவைப்பட்டிருக்கும். இன்று கொள்ளளவு ஒரு சிக்கலே அன்று. சிக்கல் தட்டுக்கும் கணினிக்கும் இடையிலான பாதையில் இருக்கிறது.

அப்பாதையே யுஎஸ்பி. அதை உருவாக்கியோருள் முதன்மையானவர், பரோடாவில் பயின்று இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட். 1996இல் வந்த முதல் பதிப்பின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். 2000இல் வந்த யுஎஸ்பி 2.0 அதை 480 மெகாபிட்டாக உயர்த்தியது. 2008இல் யுஎஸ்பி 3.0 தரம் அறிவிக்கப்பட்டு, வேகம் 5 ஜிகாபிட்டானது. ஆயினும் இன்டெல் தன் சிப்செட்டிலேயே அதைச் சேர்த்தது 2012இல்தான். அதுவரை மடிக்கணினி தயாரிப்போர் தனிச் சில்லு ஒன்றைப் பொருத்த வேண்டியிருந்தது, பலர் பொருத்தவில்லை. என் மடிக்கணினியின் போர்ட்டுகள் அனைத்தும் 2.0 ஆக இருப்பதன் காரணம் இதுவே.

480 மெகாபிட் என்பது கணக்குப்படி நொடிக்கு 60 எம்பி. நடைமுறையில் 30 முதல் 40 எம்பி வரை கிடைக்கும். சாதாரண வெளிப்புற வன்தட்டே 100 எம்பி வேகத்தைத் தொடக்கூடியது. எஸ்எஸ்டி அதைவிடப் பன்மடங்கு விரைவானது. ஆனால் 2.0 போர்ட்டில் இரண்டும் ஒரே வேகத்தில்தான் நகரும். என் 100 ஜிபியைப் படியெடுக்க எதுவானாலும் நாற்பது நிமிடத்திற்குக் குறையாது. கூடுதல் விலை கொடுத்து வாங்கும் வேகம் அந்த வாசலிலேயே நின்றுவிடும். எஸ்எஸ்டிக்கு ஒரு நன்மை உண்டு: கீழே விழுந்தால் எளிதில் பழுதாகாது. அடிக்கடி பயணம் செய்வோர் அதை எண்ணிப் பார்க்கலாம்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை சில. போர்ட்டின் உட்புறம் நீல நிறமாக இருந்தால் பெரும்பாலும் 3.0, கறுப்பாக இருந்தால், கணினியின் விவரக்குறிப்பைப் பார்த்து உறுதிசெய்வது நலம். 2.0 போர்ட் தரும் மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. எனவே பழைய கணினியில் வன்தட்டை ஹப் வழியாக அன்றி நேரடியாகச் செருகுதல் வேண்டும். எஃப்ஏடி32 அமைப்பில் 4 ஜிபியை எட்டும் கோப்பு ஏறாது. எக்ஸ்எஃப்ஏடி அமைப்பில் அத்தடை இல்லை. நம்ப முடியாத மலிவு விலையில் 2 டிபி என விற்கப்படும் பென்டிரைவ்களைத் தவிர்க்கவும். அச்சிட்ட கொள்ளளவு உள்ளே இராது.

நான் விசாரித்தபோது, 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றின் விலையில் அதே கொள்ளளவுள்ள இரண்டு வன்தட்டுகள் ஏறத்தாழக் கிடைத்தன. இரண்டு வாங்கினேன். ஒன்று விடுதி அறையில் இருக்கிறது. மற்றொன்று ஊரில் அம்மாவின் அலமாரியில். அந்த முதியவரின் குரல் இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது.