ஆலை வாசலும் கடை வாசலும்

ஓசூர் வழியாகப் பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்றவர்கள் நீண்ட பெட்டி போன்ற லாரிகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றினுள்ளே புத்தம்புதிய மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். மாணவர்களாகிய உங்களை ஒன்று கேட்கிறேன். அந்த லாரியிலுள்ள வண்டிகள் யாருக்குச் சொந்தம்? ஆலைக்கு என்றுதான் பெரும்பாலோர் சொல்வீர்கள். அது சரியன்று. பொதுவான வழக்கப்படி, ஆலை வாசலைத் தாண்டியபொழுதே அவை விற்கப்பட்டுவிட்டன. வாங்கியவர் ஏதோ ஓர் ஊரில் கடை வைத்திருக்கும் முகவர், அதாவது நாம் டீலர் என்று வழங்குபவர். ஆலையின் கணக்கில் விற்பனை முடிந்தது. கடைக்காரருடைய கணக்கிலோ வட்டி தொடங்கிற்று. இரு சாராருக்கும் இடையே நெடுங்காலமாக இருந்துவரும் மனத்தாங்கலுக்கு வித்து இதுவேயாகும்.

வியப்பு என்னவெனில், நம் நாட்டில் இவ்வண்டிகளைச் செய்யும் பெரிய நிறுவனங்கள் பலவும் முதலில் விற்பனைக் கடைகளாகவே பிறந்தவை. 1911ஆம் ஆண்டில் மதுரையில் தொழில் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்து ஓட்டினார். பின்னர் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் வண்டிகளை விற்றார். சென்னையில் ராயல் என்பீல்டு வண்டிகளை இறக்குமதி செய்து விற்ற மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம், 1955இல் இங்கிலாந்துக் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா என்ற பெயரில் இங்கேயே புல்லட் வண்டியை உருவாக்க முற்பட்டது. வடக்கே பஜாஜ் குடும்பத்தாரும் 1948 முதல் வெஸ்பா ஸ்கூட்டர்களை வரவழைத்து விற்றவர்களே.

கடைக்காரர் ஆலை கட்டியது ஆசையால் மட்டும் அன்று. 1953இல் இந்திய அரசாங்கம், இந்நாட்டிலேயே படிப்படியாக வண்டியைச் செய்யும் திட்டமுடையவர்களுக்குத்தான் இடம் என்று முடிவு செய்தது. பாகங்களைக் கொண்டுவந்து பம்பாயில் பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ், 1954இல் அந்தத் தொழிலை மூடிவிட்டது. பெரிய முகவர்கள் சமாளித்துக்கொண்டு உதிரிப்பாகத் தொழிலில் இறங்கினர். அவ்வளவு மூலதனமில்லாத சிறியவர்களுக்கு அது இயலக்கூடிய காரியமா?

அடுத்து வந்தது பஞ்ச காலம். உணவுப் பஞ்சத்தைச் சொல்லவில்லை; வண்டிப் பஞ்சத்தைச் சொல்கிறேன். உரிமம் பெற்ற ஆலைகள் சில. செய்யக்கூடிய எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1960இல் ஸ்கூட்டர் விநியோகத்துக்கென்றே ஒரு கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. பதிவு வரிசைப்படியே வண்டி தரவேண்டும் என்பது விதி. அந்நாளில் கடைக்காரர் வாடிக்கையாளர்க்கு முன்னால் குறுநில மன்னர். ஆலைக்கு முன்னால் கை கட்டி நிற்பவர். வரிசையை மீறிக் கூடுதல் பணம் பெற்றவர்களும் இருந்தார்கள். ஆகவே கடைக்காரர்களை எல்லாம் அப்பாவிகள் என்று நான் வருணிக்கப்போவதில்லை.

இந்த உறவைச் சட்டம் எப்படிப் பார்த்தது? 1969இல் தனியுரிமை வாணிகத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. டெல்கோ கம்பெனி தன் லாரி முகவர்களிடம், குறித்த எல்லைக்குள்தான் விற்கவேண்டும், வேறு கம்பெனி லாரிகளை விற்கலாகாது என்று ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சரக்கு அருமையாக உள்ள காலத்தில் நாடெங்கும் அது பரவலாகக் கிடைக்கவும், பழுதுபார்க்கும் வசதி நிலைபெறவும் இத்தகைய நிபந்தனை உதவுகிறது என்று கூறி, 1977இல் நீதிமன்றம் கம்பெனியின் பக்கமே தீர்ப்பளித்தது. அன்றைய நிலைமைக்கு அது பொருந்திய தீர்ப்பென்றே நான் கருதுகிறேன். ஆனால் பஞ்சம் நீங்கிய பின்னரும் அந்த எல்லைக்கோடுகள் நீங்கவில்லை.

எல்லைக்கோடு என்றதும் எனக்கு என் சிற்றப்பா நினைவு வருகிறது. ஓசூரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் அவர். சிப்காட் தொழிற்பேட்டை அப்பொழுதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. 1980இல் அங்கிருந்து டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் வெளிவந்தது. 1984இல் சுசுகி கூட்டுறவுடன் நூறு சி.சி. மோட்டார் சைக்கிளும் வந்தது. ஊரே இயந்திரத்தின் வாசனை பிடித்த காலம். சிற்றப்பாவும் சைக்கிள்களை ஓரமாக நகர்த்திவிட்டு, வெளியூர்க் கம்பெனி ஒன்றின் ஏஜென்சி எடுத்தார். அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம்.

ஒருமுறை ஆனேக்கல்லிலிருந்து வந்த பட்டுநூல் வியாபாரிக்கு அவர் ஒரு வண்டி விற்றார். ஆனேக்கல் பத்துப் பதினைந்து மைல் தொலைவுதான். சந்தைக்கும் திருமணத்துக்கும் அவ்வூரார் ஓசூருக்கு வருவார்கள். கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் பூமி அது. ஆயினும் சில நாட்களில் கம்பெனியிலிருந்து கண்டனக் கடிதம் வந்துவிட்டது. அத்திப்பள்ளிக்கு அப்பால் உள்ளவன் வேறொரு முகவருடைய வாடிக்கையாளனாம். "வாசலுக்கு வந்தவனை எந்த ஊர் என்று கேட்டு விரட்டச் சொல்கிறார்களா?" என்று சிற்றப்பா வருந்தியது இன்னும் என் செவியில் இருக்கிறது.

அதனினும் பெரிய தொல்லை மாதக் கடைசியில் வரும். ஐந்து வண்டி கேட்டிருப்பார். லாரியிலிருந்து பன்னிரண்டு இறங்கும். ஓடக்கூடிய வண்டி மூன்று வேண்டுமானால் ஓடாத வண்டி இரண்டையும் ஏற்கவேண்டும். பலகையைச் சாய்த்து வண்டிகளை உருட்டி இறக்கும்போது, அவர் எண்ணிக்கையைப் பார்க்கமாட்டார். சுவரிலுள்ள நாட்காட்டியைப் பார்ப்பார். வங்கி வட்டி நாள் கணக்கில் ஏறுவதாயிற்றே! வண்டிக்கு அவர்க்குக் கிடைத்த கழிவு நூற்றுக்குச் சில ரூபாய்தான். இரண்டு மாதம் வண்டி நின்றால் அந்தக் கழிவில் பெரும்பகுதியை வட்டியே தின்றுவிடும். பழுதுபார்க்கும் கூலியும் உதிரிப்பாக விற்பனையும்தான் குடும்பத்தைக் காத்தன.

ஆலையின் பக்கத்திலும் நியாயம் உண்டு. மாதந்தோறும் வேலை நடந்தால்தான் தொழிலாளிக்குக் கூலி. கிடங்கில் வண்டி குவிந்தால் இயந்திரம் நிற்கும். ஒரு கடை மோசமாக நடந்துகொண்டாலும் கெட்ட பெயர் ஆலைக்கே. ஆனால் சுமையை யார் தலையில் இறக்கலாம் என்ற கேள்வி எழும்பொழுதெல்லாம், இளைத்தவன் தலையே அகப்பட்டது.

அண்மைக் காலத்தில் இது இருமுறை வெளிப்படையாகவே தெரிந்தது. புகை வெளியீட்டுக்கான பி.எஸ்.3 தரத்து வண்டிகளை 2017 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விற்கக்கூடாதென்று உச்ச நீதிமன்றம் மார்ச்சு 29இல் ஆணையிட்டது. அன்று நாட்டில் விற்காமல் இருந்த இருசக்கர வண்டிகள் சுமார் 6,71,000. ஆலைகளும் கடைகளும் ஆயிரக்கணக்கில் விலையைக் குறைத்தன. அந்த இரண்டு நாளும் கடைகளில் திருவிழாக் கூட்டம். 2020இல் பி.எஸ்.4 வண்டிகளுக்கும் அவ்வாறே மார்ச்சு 31 கெடு இருந்தது. ஆனால் 25ஆம் தேதியே நோய்த்தொற்றுக்காக நாடு முழுவதும் கதவடைக்கப்பட்டது. வாங்க வருபவர் எவர்? இருப்பில் பத்தில் ஒரு பங்கை ஊரடங்கு நீங்கியபின் விற்கலாமென்று முதலில் நீதிமன்றம் இசைந்தது. அளவு மீறி விற்றிருக்கிறார்கள் என்று கண்டு, ஜூலையில் அந்த இசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஹார்லி டேவிட்சன் கம்பெனி அரியானா மாநிலத்து ஆலையை மூடுவதாக அறிவித்தது. மாளிகை போன்ற கடைகளைக் கட்டியிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட முகவர்கள் நட்ட ஈடு கேட்டுக் குரலெழுப்பினர். அடுத்த மாதமே ஹீரோ கம்பெனியுடன் புதிய ஏற்பாடு செய்துகொண்டு அந்த வண்டி மீண்டும் வந்தது. பழைய முகவர்களின் வழக்கு வேறு கதை. அமெரிக்காவில் மோட்டார் முகவர், கம்பெனி நேர்மை தவறினால் நீதிமன்றத்தை அணுக உரிமை தரும் சட்டம் 1956இலேயே நிறைவேறிவிட்டது. அங்கே பல மாநிலங்களில் கார் கம்பெனி தானே நேரடியாகக் கடை வைப்பதற்கும் தடையுண்டு. டெஸ்லா கம்பெனி அதை எதிர்த்து மாநிலம் மாநிலமாகப் போராட வேண்டியிருந்தது. நம் நாட்டில் 1964 முதல் முகவர்களுக்கு ஓர் அகில இந்தியக் கூட்டமைப்பு உண்டு. தங்களுக்கும் அத்தகைய பாதுகாப்புச் சட்டம் வேண்டுமென்று அவர்கள் கேட்டுவந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் தடுக்கப்பட்ட அந்த வழியைக் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே ஒருவர் தடையின்றி நடந்துபார்த்தார். போச்சம்பள்ளி அருகே 500 ஏக்கரில் ஓலா நிறுவனம் மின் ஸ்கூட்டர் ஆலை அமைத்தது. 2021 ஆகஸ்டு 15இல் வண்டியை அறிமுகம் செய்து, முகவரே வேண்டாம், கைப்பேசியில் பணம் கட்டினால் வீட்டுக்கே வண்டி வரும் என்றது. ஓசூரில் ஆலை வைத்த ஏதர் நிறுவனமோ முகவர்களோடு சேர்ந்து கடைகளைத் திறந்தது. ஒரே மாவட்டத்தில் இருவேறு நெறிகள்! விற்பது எளிதாகத்தான் இருந்தது. பழுதுபார்ப்பதில்தான் சோதனை வந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட புகார்கள் குவிந்ததைக் காட்டி, 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவிடம் விளக்கம் கேட்டது. அதற்கு முந்தைய மாதமே அந்நிறுவனம் சிற்றூர்களில் விற்பனைக்கும் பழுதுநீக்கத்துக்கும் பங்காளிகளைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது.

சிற்றப்பா இப்போது இல்லை. அவர் மகன் அதே கடையில் எல்லாக் கம்பெனி வண்டிகளையும் பழுதுபார்க்கிறான். புதிய வண்டி விற்பதில்லை. சென்ற பொங்கலுக்குப் போயிருந்தேன். மின்வண்டிக் கம்பெனி ஒன்று ஏஜென்சி தருவதாக அனுப்பிய ஒப்பந்தத்தை என்னிடம் கொடுத்துப் படித்துச் சொல்லும்படி கேட்டான். முப்பத்திரண்டு பக்கம். விற்காத வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வது பற்றி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் இருவரும் முதலில் தேடினோம்.