அப்டேட்டுக்குப் பின் மந்தமான போன்

புதிய மென்பொருள் ஏற்றியதும் போன் மந்தமாகிவிட்டது என்று முறையிடுபவரை, அது மனப்பிரமை என்று சொல்லி அனுப்புவது நெடுங்கால வழக்கம். அந்த முறைப்பாட்டில் உண்மை இருக்கலாம் என்பதை 2017ஆம் ஆண்டு நிரூபித்தது. அவ்வாண்டு ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, பற்றரி தேய்ந்த பழைய ஐபோன்கள் திடீரென அணைந்துபோவதைத் தடுக்க அவற்றின் வேகத்தைக் குறைத்தது. பாவனையாளருக்கு இது தெளிவாகச் சொல்லப்படவில்லை. டிசம்பரில், வேகச் சோதனைச் செயலி ஒன்றை உருவாக்கிய ஜோன் பூல் அதன் முடிவுகளை வரைபடமாக்கினார். முந்திய பதிப்பான 10.2இல் ஒரே சிகரமாக நின்ற ஐபோன் 6எஸ் போன்களின் புள்ளிகள், அடுத்த பதிப்புகளில் கீழ்நோக்கிப் பல சிகரங்களாகப் பிரிந்திருந்தன. சில நாட்களில் அப்பிள் உண்மையை ஒப்புக்கொண்டது. மன்னிப்பும் கேட்டு, பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 ஆக இறக்கியது.

போன் அணையாமல் காத்தது நன்மைதானே என்று கேட்கலாம். நன்மைதான், ஆனால் காரணம் தெரியாதவர், பற்றரி மாற்றினால் தீரும் கோளாறுக்குப் புதிய போனே வாங்கிவிடுவார். அப்படியானால் அப்டேட்டே வேண்டாம் என்பதும் சரியல்ல: 2017 மார்ச்சிலேயே பாதுகாப்புத் திருத்தம் வந்திருந்தும், அதை ஏற்றாத கணினிகளைத்தான் மே மாதம் வானாகிரை என்ற தீநிரல் முடக்கியது. வேண்டியது, காரணம் தெளிவாகத் தெரிவதுதான். அப்பிளின் சொந்தக் கடை இலங்கையிலேயே இல்லை. வண்ணாத்திவில்லு போன்ற ஊரில் இருப்பவருக்குக் கோளாறின் காரணம் போனின் திரையிலேயே தெரிவது எவ்வளவோ பெரிய உதவி. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3, பற்றரியின் எஞ்சிய கொள்ளளவைச் சதவீதத்தில் காட்டியது. வேகக் கட்டுப்பாட்டை நிறுத்தும் உரிமையையும் பாவனையாளரிடமே கொடுத்தது.