பல கம்பிகள், ஒரே பாதை

வெளியூருக்குப் பேச ‘டிரங்க் கால்’ பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. இரண்டு தொலைபேசி நிலையங்களை இணைக்கும் தடத்துக்கே டிரங்க் என்று பெயர். பத்துத் தடங்கள் இருந்தால் ஒரே நேரத்தில் பத்து உரையாடல்கள் நடைபெறலாம். ஆனால், ஓர் உரையாடல் ஒரு தடத்தில்தான் செல்லும். இந்தப் பழைய ஏற்பாடு கணிப்பொறி உலகில் புகுந்த வரலாற்றைக் காண்போம்.

1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் ‘ஈதர்நெட்’ முறையை உருவாக்கத் தொடங்கினர். அதில் எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே கம்பியைப் பங்கிட்டுக்கொண்டன. 1990இல் கல்பனா என்னும் அமெரிக்க நிறுவனம், முகவரியைப் பார்த்துச் செய்தியை உரிய இடத்துக்கு மட்டும் அனுப்பும் ஈதர்நெட் ‘ஸ்விட்ச்’ கருவியை வெளியிட்டது.

இரண்டு ஸ்விட்சுகளுக்கு இடையே ஒரு கம்பி போதவில்லை என்றால் இன்னொன்று போட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். எல்லாருக்குமான அறிவிப்பு ஒரு கம்பியில் போய் மறு கம்பியில் திரும்பி, ஓயாமல் சுற்றி வலையமைப்பையே முடக்கிவிடும். இதைத் தடுக்க 1985இல் ராடியா பெர்ல்மன் ‘ஸ்பானிங் ட்ரீ’ நெறியை வகுத்தார். அது உபரிக் கம்பியை அடைத்துவிடும். சுழற்சி நின்றது, ஆனால் இரண்டாவது கம்பி வீணே கிடந்தது.

1990களின் முற்பகுதியில் கல்பனா நிறுவனமே இதற்கும் வழி கண்டது. ‘ஈதர்சேனல்’ என்ற அம்முறையில் பல கம்பிகளும் ஒரே கம்பியாகக் கருதப்படும். ஸ்பானிங் ட்ரீயின் கண்ணுக்குத் தெரிவது ஒரே பாதை. எனவே அடைக்க வேண்டியதில்லை. அனுப்புவோர், பெறுவோர் முகவரிகளைக் கொண்டு எந்தச் செய்தி எந்தக் கம்பியில் செல்வது என்று கணக்கிடப்படும். வரிசை குலையாதிருக்க, ஓர் உரையாடல் முழுவதும் ஒரே கம்பியில் செல்லும். வினாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள நான்கு கம்பிகளைச் சேர்த்தால் மொத்தக் கொள்ளளவு 400. தனி உரையாடலுக்குக் கிடைப்பதோ 100தான். டிரங்க் தடங்களின் கதையேதான்!

நிறுவனத்துக்கு ஒரு முறை என்றிருந்ததால், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை இவ்வாறு இணைப்பது கடினமாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் ஐ.இ.இ.இ. அமைப்பு 802.3ஏடி என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. இதன்படி இரு முனைக் கருவிகளும் சிறு செய்திகளைப் பரிமாறி, சேரத்தக்க கம்பிகளை மட்டுமே சேர்க்கின்றன. ஒரு கம்பி அறுந்தால் மற்றவை அதன் சுமையை ஏற்கின்றன.

கம்பிகளின் வேகம் பன்மடங்கு பெருகிய பின்னும் இம்முறை வழக்கொழியாததற்கு, வேகத்தைவிட இந்தப் பாதுகாப்பே பெரிய காரணம் எனலாம்.