தூக்கத்தின் வாசல் வழியே மயக்கம்

மயக்க மருந்து கொடுப்பது என் தொழில். எங்கள் துறை தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது 1846 அக்டோபர் 16. அன்று பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பல் மருத்துவர் மார்ட்டன் ஈதர் ஆவியைச் சுவாசிக்கக் கொடுத்தார்; அறுவை மருத்துவர் வாரன் நோயாளியின் கழுத்துக் கட்டியை அறுத்தார். கதறல் இல்லை. மூளையில் என்ன நடந்தது என்பது மட்டும் அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது.

துப்பு கிடைத்தது ஒரு கொள்ளைநோயில். முதல் உலகப் போர்க் காலத்தில் வியன்னாவில் மூளை அழற்சி கண்டவர்களில் சிலர் ஓயாமல் தூங்கினார்கள். சிலருக்கோ பொட்டுத் தூக்கமில்லை. இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தார் நரம்பியல் மருத்துவர் ஃபான் எகோனமோ. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸின் பின்பகுதி சிதைந்தவர்கள் தூங்கியவர்கள்; முன்பகுதி சிதைந்தவர்கள் தூக்கம் தொலைத்தவர்கள். தூங்கவைக்கும் இடமும் விழிக்கவைக்கும் இடமும் வெவ்வேறு!

1996இல் அந்த முன்பகுதியில், தூங்கும்போது மட்டும் சுறுசுறுப்பாகும் நரம்பணுக்கள் எலிகளில் அடையாளம் காணப்பட்டன. பின்பகுதியில் விழிப்பைக் காக்கும், ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்களை அவை அடக்குகின்றன. நாங்கள் அன்றாடம் செலுத்தும் பால்வெள்ளை மயக்க மருந்தான புரோபோஃபாலும் இதே பாதையைப் பயன்படுத்துவதை 2002இல் லண்டன் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள்.

ஆனால் தூங்குகிறவரைத் தட்டினால் எழுவார். மயங்கியவர் கத்தி பட்டாலும் எழமாட்டார். மருந்து பெருமூளை, தலாமஸ், தண்டுவடம் வரை பாய்கிறது, மூச்சையும் தளர்த்துகிறது.

ஆகவே, “தூக்க ஊசிதானே டாக்டர்” என்று எதையும் மறைக்காதீர்கள். குறட்டை, ஆஸ்துமா, விழுங்கும் மாத்திரைகள், கடைசியாகச் சாப்பிட்ட நேரம் அனைத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.